சிம் போடும் வாட்ச் வாங்கலாமா? ஆண்ட்ராய்டு எண்ணைவிட முக்கியமான ஒரு கேள்வி

போன் இல்லாமல் தானே சிம் போட்டுப் பேசக்கூடிய வாட்ச் ஒன்றைத் தேடிப் போனால், 4ஜி, ஜிபிஎஸ், கேமரா, பெரிய பேட்டரி என்று எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இயங்குதளம் எது என்பது மட்டும் அடியில் ஓர் ஓரத்தில் இருக்கும்: ஆண்ட்ராய்டு 8.1. இந்த 8.1 வெளிவந்தது 2017 டிசம்பரில். சில வாட்ச்களில் 9 இருக்கும், சிலவற்றில் 7.1. போன் உலகம் 16-ஐத் தொட்ட பிறகும் இதுதான் நிலைமை.

இது புதுக் கதையும் இல்லை. 2016-17 வாக்கில் பலரும் வாங்கிய கிங்வேர் கேடபிள்யூ88 வாட்சில் ஆண்ட்ராய்டு 5.1 இருந்தது, அப்போதே போன்களுக்கு 7 வந்துவிட்டது. 2020 வாக்கில் விற்ற கோஸ்பெட் பிரைம், 3 ஜிபி ரேம், 32 ஜிபி இடம், 1260 எம்ஏஎச் பேட்டரி என்று வன்பொருளில் கஞ்சத்தனமே காட்டவில்லை. ஆனால் உள்ளே ஓடியது 7.1.1. அன்றைய போன்களில் ஆண்ட்ராய்டு 10.

இவ்வளவு வன்பொருள் கொடுப்பவர்களுக்கு ஒரு புது மென்பொருளை ஏற்றத் தெரியாதா என்று தோன்றும். அவர்களுக்குத் தெரியும், தெரியாது என்பது விஷயமே இல்லை. அந்த எண்ணை மாற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதுதான் விஷயம். வாட்ச் வாங்கும்போது ‘எந்தப் பதிப்பு?’ என்பதைவிட, ‘விற்ற பிறகு இதை மாற்றும் பொறுப்பு யாருடையது?’ என்று கேட்பது நல்லது. சந்தையில் உள்ள வகைகளை அந்தக் கேள்வியை வைத்தே பார்ப்போம்.

முழு ஆண்ட்ராய்டு வாட்ச்: எண் எங்கே உறைகிறது?

போனில் இருக்கும் அதே ஆண்ட்ராய்டை அப்படியே சிறு திரையில் திணித்து வருபவைதான் முழு ஆண்ட்ராய்டு வாட்ச்கள். கோஸ்பெட், லெம்ஃபோ, ராக்பிட் என்று பெயர்கள் மாறினாலும் பெரும்பாலானவை சீனாவின் ஷென்சென் பக்கத்து வடிவமைப்பு நிறுவனங்களில் பிறப்பவை. இந்தியாவில் 2024 ஜனவரியில் ஃபயர்போல்ட் ‘ட்ரீம்’ என்று ஒன்றை 5,999 ரூபாய்க்கு இறக்கியது: 2.02 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், நானோ சிம். விலையைப் பார்த்தால் கை தானாக நீளும்.

உள்ளே நடப்பது இதுதான். வாட்சின் சிப்பை மீடியாடெக்கோ யூனிசாக்கோ செய்கிறது. சிப்புடன் ஒரு மென்பொருள் மூட்டையும் வரும்: இயங்குதளத்தின் கருவான கெர்னல், அதோடு மோடம், கேமரா, திரை, ஜிபிஎஸ் எல்லாவற்றையும் இயக்கும் டிரைவர் மென்பொருள்கள். அந்த மூட்டை ஒரு குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்புக்குத்தான் பொருந்தும். கோஸ்பெட் பிரைமில் இருந்த எம்டி6739 சிப் 2017-இல் வந்தது; அன்று இருந்தது ஆண்ட்ராய்டு 7.1. கேடபிள்யூ88-இல் இருந்த எம்டி6580 வந்தது 2015-இல், அப்போது 5.1. சிப் பிறந்த வருஷத்தைப் பார்த்தால் வாட்சின் பதிப்பை அநேகமாகச் சொல்லிவிடலாம். புது சிப் விலை அதிகம், பழைய சிப் மலிவு. விலை மலிவு என்றால் மூட்டையும் பழையது.

அப்புறம் வடிவமைப்பு நிறுவனத்தின் வேலை. போன் ஆண்ட்ராய்டை வட்டத் திரையில் ஓட வைக்க அவர்கள் முகப்பு, அறிவிப்புப் பகுதி, கீபோர்டு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். இதயத்துடிப்பு சென்சாரை இணைத்திருப்பார்கள், பக்கவாட்டுப் பொத்தானுக்கு வேலை கொடுத்திருப்பார்கள். புதுப் பதிப்புக்கு மாறினால் இது அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டும். கூகுள் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் ‘ட்ரெபிள்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, சிப்காரர் பகுதியையும் கூகுள் பகுதியையும் பிரித்தது. அதனால் போன்களுக்கு அப்டேட் கொடுப்பது சுலபமானது. ஆனால் வெட்டி ஒட்டிய வேலையை அந்த ஏற்பாடு செய்து கொடுக்காதே.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது சான்றிதழ் விவகாரம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கூகுளின் ஒத்திசைவு விதிகளில் ‘கையில் பிடிக்கும் சாதனம்’ ஒரு வகை, ‘வாட்ச்’ வேறு வகை. 1.1 முதல் 2.5 அங்குலம் வரை திரை உள்ளது வாட்ச். வாட்சுக்கென்று கூகுள் கொடுப்பது வேர் ஓஎஸ். 1.6 அங்குல வட்டத் திரையில் போன் ஆண்ட்ராய்டைப் போட்டு அதைப் போன் என்று சொல்லிச் சான்று வாங்க வழியே இல்லை. அதனால்தான் இந்த வாட்ச்கள் பலவற்றில் பிளே ஸ்டோரைத் திறந்ததும் ‘இந்தச் சாதனம் பிளே புரொடெக்ட் சான்று பெறவில்லை’ என்ற செய்தி வரும். கூகுளின் ஒரு பக்கத்தில் சாதன எண்ணை நாமே பதிவு செய்து கதவைத் திறந்துகொள்ளலாம். அது தற்காலிக வசதிதான், சான்று ஆகிவிடாது.

புதிதாக வரும் போனுக்கு கூகுள் சான்று வேண்டுமானால் ஓரளவு புதிய பதிப்பு கட்டாயம். அந்தக் கட்டாயம் இருப்பதால்தான் ஏழாயிரம் ரூபாய் போன்கூட ஓரளவு புதிய ஆண்ட்ராய்டுடன் வருகிறது. சான்றே இல்லாத வாட்சுக்கு அது கிடையாது. சிப்காரர் சிப்பை விற்றதோடு முடித்துக்கொண்டார், வடிவமைப்பாளர் பலகையை விற்றதோடு முடித்தார், பிராண்ட் பெட்டியில் தன் பெயரை அச்சிட்டதோடு சரி. அப்டேட்டுக்கு இந்த மூவரில் ஒருவர்கூடக் காசு வாங்கவில்லை.

பழைய பதிப்பினால் என்ன ஆகும்?

‘பழசாக இருந்தால் என்ன, பேசினால் போதும்’ என்பவர்களும் உண்டு. நியாயம்தான், ஆனால் பேசுவதிலேயே முதல் சிக்கல் இருக்கிறது. எம்டி6580 சிப் 3ஜி வரைதான் போகும். ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடிவிட்டது. அந்தக் காலத்து வாட்ச் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் தொடாமல் இருப்பதே நல்லது. 4ஜி என்று எழுதியிருந்தாலும் போதாது. ஜியோவில் அழைப்பு முழுக்க வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே குரலை அனுப்பும் முறை வழியாகத்தான் போகும். வாட்சின் மென்பொருளில் ஜியோவுக்கான வோல்ட்டி அமைப்பு இல்லையென்றால் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது. அலைவரிசையையும் பார்க்க வேண்டும்: ஜியோவின் 4ஜிக்கு 3, 5, 40 என்ற பேண்டுகள். இந்தியாவை மனத்தில் வைக்காமல் செய்த வாட்சில் 40 இல்லாமல் போகலாம்.

ஆப்களைப் பொறுத்தவரை கூகுள் பிளே சேவைகள் 2023-இல் ஆண்ட்ராய்டு 4.4-ஐக் கைவிட்டன. வாட்ஸாப்பும் 4.4-ஐ ஏற்பதில்லை. குரோம் உலாவி 2025 ஆகஸ்டில் வந்த 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10 கேட்கிறது. 8, 9 வைத்திருப்பவர்களுக்கு 138-உடன் நின்றுவிட்டது. ஆக, இன்று ‘புதிதாக’ வாங்கும் 8.1 வாட்சில், பெட்டியைத் திறக்கும்போதே குரோம் ஓய்வு பெற்றுவிட்டது.

இன்னொரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. இணையதளங்களில் மிகப் பெரும் பகுதி, இணைப்பு பாதுகாப்பானது என்று காட்ட ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழைப் பயன்படுத்துகிறது. அந்தச் சான்றிதழை நம்பச் சாதனத்தில் இருக்க வேண்டிய மூலச் சான்று ஆண்ட்ராய்டு 7.1.1-இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்புகளுக்காகச் செய்து வைத்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. 5.1 வாட்சில் திடீரென்று பல தளங்கள் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று சொல்வது இதனால்தான். வாட்ச் கெட்டுப்போகவில்லை, உலகம் அதைவிட்டு நகர்ந்துவிட்டது.

5.1-இல் அனுமதிகளின் கதை இன்னும் மோசம். ஆப் கேட்கும்போது ‘மைக் வேண்டாம், இருப்பிடம் வேண்டாம்’ என்று தனித்தனியாக மறுக்கும் வசதி 6.0-இல் தான் வந்தது. அதற்கு முன்பு இன்ஸ்டால் செய்தால் கேட்டதெல்லாம் கொடுத்ததாக அர்த்தம். கையில் நாள் முழுக்க மைக், ஜிபிஎஸ், கேமராவோடு இருக்கும் ஒரு பொருளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சும்மா கிடக்கும்போது பேட்டரியைச் சேமிக்கும் ‘டோஸ்’ வசதியும் 6.0-இல் தான் வந்தது. பழைய பதிப்பு பேட்டரிக்கு இலகுவாக இருக்கும் என்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

வங்கி ஆப்கள், யுபிஐ பற்றிக் கேட்டால் என் பதில் சுருக்கம்: நம்பி வாங்காதீர்கள். இந்த ஆப்கள் பல, சாதனம் சான்று பெற்றதா என்று கூகுளின் ‘பிளே இன்டெக்ரிட்டி’ வழியாகச் சரிபார்க்கும். சான்றில்லாத வாட்ச் அங்கேயே தோற்கும். ஒருவேளை ஓடினாலும், பாதுகாப்புத் திருத்தம் வருஷக்கணக்காக வராத ஒன்றில் வங்கிக் கணக்கை வைப்பது சரியில்லை.

அப்டேட் வராதது ஒரு கவலை என்றால், வரும் வழியே கவலையாவதும் உண்டு. 2016 நவம்பரில் கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம், மலிவு போன்களில் அப்டேட் அனுப்பப் பயன்பட்ட ‘ஆடப்ஸ்’ மென்பொருள், குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சீனாவில் உள்ள சர்வருக்கு அனுப்பியதைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் விற்ற ப்ளூ ஆர்1 எச்டி போனில் அது சிக்கியது. மலிவுச் சாதனங்களுக்கு அப்டேட் அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்த நிறுவனம் அது.

வேர் ஓஎஸ்: இங்கும் பின்தங்கல் உண்டு, ஆனால் அளவோடு

சாம்சங் கேலக்ஸி வாட்சின் எல்டிஇ (4ஜி வசதி உள்ள) மாடல்களை எடுத்துக்கொள்வோம். வேர் ஓஎஸ்ஸும் அடியில் ஆண்ட்ராய்டுதான். அதுவும் நெடுநாள் பின்னால்தான் நடந்தது. 2021-இல் வந்த வேர் ஓஎஸ் 3-க்கு அடித்தளம் ஆண்ட்ராய்டு 11. அடுத்து வேர் ஓஎஸ் 4-க்கு 13, 2024-இல் வந்த 5-க்கு 14. 2025-இல் வந்த 6-க்கு ஆண்ட்ராய்டு 16. இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இங்கேயும் சிப் காரணமாகக் கழற்றிவிடப்பட்டவர்கள் உண்டு. குவால்காமின் ஸ்னாப்டிராகன் வேர் 2100, 3100 சிப் வைத்த வாட்ச்கள் எதற்கும் வேர் ஓஎஸ் 3 வரவில்லை. 4100 வைத்திருந்தவற்றுக்குத்தான் வாய்ப்பு, அதுவும் டிக்வாட்ச் ப்ரோ 3 வாங்கியவர்கள் 2023 கடைசிவரை காத்திருந்தார்கள். ஃபாசில் 2024 ஜனவரியில் ஸ்மார்ட்வாட்ச் தொழிலையே விட்டுவிட்டது. ஆகவே ‘வேர் ஓஎஸ்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. யார் செய்த வாட்ச், எத்தனை வருஷம் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-க்கு நான்கு வருஷ அப்டேட் என்று சொன்னது, வேர் ஓஎஸ் 3-இல் பிறந்த அது வேர் ஓஎஸ் 5 வரை ஏறியும் விட்டது. எழுதிக் கொடுத்த வாக்கு என்றால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

ஆப்பிள்

ஆப்பிளில் சிப்பும் அவர்களுடையது, இயங்குதளமும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது. மேலே சொன்ன மூவர் சிக்கல் இங்கு கிடையாது. 2020-இல் வந்த சீரிஸ் 6-க்கு 2025-இன் வாட்ச்ஓஎஸ் 26 வந்தது.

அதற்காக ஆப்பிளைக் கண்ணை மூடி வாங்கலாம் என்று இல்லை. 2017-இல் வந்த சீரிஸ் 3-ஐ அவர்கள் 2022 செப்டம்பர் வரை விற்றார்கள். அதே மாதம் வந்த வாட்ச்ஓஎஸ் 9 அதற்குக் கிடையாது. ஆகஸ்டில் புதிதாக வாங்கியவருக்குச் செப்டம்பரில் கதவு சாத்தப்பட்டது. தள்ளுபடியில் பழைய மாடல் கிடைக்கிறது என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். தவிர, ஐபோன் இல்லாதவர்களுக்கு இந்தப் பத்தியே வேண்டாம்.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. சிம் வசதி உள்ள சாம்சங்கோ ஆப்பிளோ, புது மாடல் என்றால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். முழு ஆண்ட்ராய்டு வாட்ச் ஐந்து, ஆறு வாங்கிவிடலாம்.

தனித்து இயங்குவது எது?

இப்போதுதான் உண்மையான இக்கட்டு. அப்டேட் ஒழுங்காக வரும் இந்த இரண்டும் முழுதாகத் தனித்து நிற்பவை அல்ல. அமைப்பதற்கே ஒரு போன் வேண்டும். இ-சிம்மும் (அட்டை இல்லாமல் வாட்சுக்குள்ளேயே இருக்கும் சிம்) வழக்கமாகப் போனில் இருக்கும் அதே எண்ணைப் பகிர்ந்துகொள்வதுதான், இங்கே ஜியோவும் ஏர்டெல்லும் அப்படித்தான் கொடுக்கின்றன. வேர் ஓஎஸ்ஸுக்கு 2023-இலும், ஆப்பிள் வாட்சுக்கு 2025 நவம்பரிலும் வந்த வாட்ஸாப்கூட போனில் உள்ள கணக்கோடு சேர்ந்து ஓடுவதே. முழு ஆண்ட்ராய்டு வாட்சில் அப்படி இல்லை. சிம்மைச் சொருகி, ஓடிபி வாங்கி, வாட்சையே வாட்ஸாப்பின் முதன்மைச் சாதனமாக வைத்துக்கொள்ளலாம். அது உண்மையிலேயே கையில் கட்டிய போன். யாரையும் சார்ந்திராத சாதனம் யாராலும் கவனிக்கப்படாமல் போகிறது. பின்னால் ஒரு நிறுவனம் நிற்கும் வாட்ச், முன்னால் ஒரு போனையும் கேட்கிறது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றால் இன்றைக்கு இந்திய விலையில் என் கண்ணில் எதுவும் படவில்லை.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் என்று விற்கும் சிம் வாட்ச்கள் தனி ரகம். அவற்றில் பல ஆண்ட்ராய்டே அல்லாத சிறு மென்பொருளில் ஓடும், அதனால் பதிப்பு எண் பற்றிய கேள்வியே எழாது. ஆனால் ஆபத்து வேறு இடத்தில், அவை பேசும் சர்வரில் இருக்கிறது. ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு 2017 நவம்பரில், சத்தமில்லாமல் ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள குழந்தை வாட்ச்களைத் தடை செய்தது. 2020-இல் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், பல மலிவு வாட்ச்களுக்குப் பின்னால் இருந்த ‘செட்ராக்கர்’ சேவையில் ஓட்டை இருப்பதைக் காட்டியது. மறதி நோய் உள்ளவர்களின் வாட்சுக்கு ‘மாத்திரை சாப்பிடவும்’ என்ற நினைவூட்டலை முன்பின் தெரியாத ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்ப முடிந்தது. மறதி உள்ளவர் ஒவ்வொரு முறையும் மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் ஆப் யாருடையது, சர்வர் யாருடையது என்று தெரியாத வாட்சை அப்பா கையில் கட்ட எனக்கு மனம் வராது.

யாருக்கு எது?

கையில் நல்ல போன் இருக்கிறது, நடைப்பயிற்சிக்கோ ஓட்டத்துக்கோ போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றால், உங்கள் போனுக்குப் பொருந்துகிற சாம்சங் அல்லது ஆப்பிள். பணம் இடித்தால் ஒரு தலைமுறை பழைய மாடலை எடுக்கலாம், ஆனால் அப்டேட் காலம் எப்போது முடிகிறது என்று கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வகுத்துப் பார்த்தால் தள்ளுபடி விலையின் பளபளப்பு கொஞ்சம் குறையும்.

அம்மாவோ தாத்தாவோ வெளியே போகும்போது அழைக்க ஒரு வழி வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றால் வாட்சை மறந்துவிடுங்கள். பொத்தான் வைத்த 4ஜி சாதாரண போன் பல நாள் சார்ஜ் நிற்கும், சத்தமாகக் கேட்கும், இரண்டாயிரம் மூவாயிரத்தில் முடிந்துவிடும்.

முழு ஆண்ட்ராய்டு வாட்ச் யாருக்கு? நோண்டிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு. அல்லது வரைபடம், பாட்டு, ஓர் அழைப்பு என்று சில வேலைகளுக்குத் தனிச் சாதனம் வேண்டும், இரண்டு வருஷத்தில் போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு. ஃபயர்போல்ட் ட்ரீம் மாதிரி இந்தியாவிலேயே விற்கும் பிராண்டை எடுத்தால் ஜியோ வோல்ட்டி, பேண்ட் பிரச்சினை குறையும், மாற்றித் தரவும் ஆள் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு கூகுள் கணக்கு திறந்துகொள்ளுங்கள்; உங்கள் முதன்மை மின்னஞ்சலை அதில் ஏற்ற வேண்டாம். வங்கி ஓடிபி வருகிற சிம்மையும் அதில் போட வேண்டாம்.

வாங்கியதும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சில விஷயங்களைப் பாருங்கள். முதலில் ஜியோ சிம் போட்டு, இணையம் ஓடுகிறதா என்று மட்டும் அல்ல, அழைப்பு போகிறதா என்று. அடுத்து, அமைப்புகளில் ‘ஆண்ட்ராய்டு 11’ என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள்; அந்த எழுத்தை மாற்றி அச்சடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிபியு-இசட் மாதிரி ஓர் ஆப்பைப் போட்டு ஏபிஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உள்ளே இருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள். 27 என்றால் 8.1, 28 என்றால் 9, 29 என்றால் 10, 30 வந்தால்தான் 11. அதே இடத்தில் பாதுகாப்புத் திருத்தத் தேதியும் இருக்கும். பெட்டியில் இந்த வருஷத் தயாரிப்பு என்று இருந்து, திருத்தத் தேதி 2019-இல் நின்றால், இனி நகராது என்று வைத்துக்கொள்ளலாம். அமைப்புகளில் காட்டிய எண்ணும் ஏபிஐ எண்ணும் பொருந்தவில்லை என்றால், பெட்டியைப் பழையபடி ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.